பிடில் யார் கையில் இருந்தது? ரோமானியாவும் ரோமாக்களும்: ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, பிப்ரவரி 28, 2025

ரோமானியா என்ற பெயர், ஜிப்ஸிகள் என்று பிறர் சொல்லும் ரோமா மக்களால் வந்ததுதானே? ரோமாக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுப் போனவர்கள் என்று மொழியியலாளர்களே சொல்கிறார்கள். அப்படியானால் ரோமானிய நாட்டுப்புறப் பாட்டும் ஆட்டமும் வேரில் இந்தியச் சொத்து என்று சொல்லலாம் அல்லவா? அங்கே இருந்தவர்கள் யாராவது பதில் போடுங்கள்.

மார்ச் 1

இல்லை. இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றாகப் படுகின்றன, அவ்வளவுதான். ரோமானியர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் 'ரொமன்' என்பது லத்தீனின் 'ரோமானுஸ்'. ரோமப் பேரரசின் குடி என்று பொருள். ரோமாக்களின் மொழியில் 'ரோம்' என்றால் ஆண், கணவன். அதன் உறவுச் சொற்கள் ஆர்மீனியாவில் 'லோம்' என்றும் மேற்காசியாவில் 'டோம்' என்றும் இருக்கின்றன. மூன்றையும் வட இந்தியாவின் 'டோம்' என்ற சாதிப் பெயரோடு சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ரோமப் பேரரசர் டிராஜன் இரண்டு போர்கள் நடத்தி 106-இல் டாசியாவை, அதாவது இன்றைய ரோமானியா இருக்கும் பகுதியைப் பிடித்தார். 270-களில் அவுரேலியன் படைகளை டான்யூப் ஆற்றுக்குத் தெற்கே இழுத்துக்கொண்டார். லத்தீன் மட்டும் தங்கிவிட்டது. தங்கியது ஆற்றுக்கு வடக்கேயா தெற்கேயா என்று ரோமானிய, ஹங்கேரிய வரலாற்றாசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுகிறார்கள். அதற்குள் நான் போகவில்லை. தேதி தெரிந்த மிகப் பழைய ரோமானிய எழுத்து 1521-இல் எழுதிய ஒரு கடிதம். துருக்கியப் படை நகர்கிறது என்று நியாக்ஷு என்பவர் பிரஷோவ் நகரத் தலைவரை எச்சரிக்கிறார். லத்தீன் வழி மொழிதான், ஆனால் எழுதியிருப்பது சிரில்லிக் எழுத்தில்.

நான் க்ளுஜ் நகரத்தில் 2016 முதல் 2020 வரை வேலை பார்த்தேன். மாடியில் ஓர் அறை வாடகைக்கு. வீட்டுக்காரம்மா வடக்கே மரமுரேஷ் மலைப்பக்கத்தவர், எழுபது தாண்டியவர். இன்று மார்ச் 1 என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். அங்கே இன்றைக்கு 'மர்த்ஸிஷோர்'. சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் கொடுக்கும் நாள். முதல் வருடம் அந்த அம்மா என் மணிக்கட்டில் காப்புக் கயிறு மாதிரி கட்டிவிட்டு, மாதக் கடைசியில் அவிழ்த்துப் பூத்த மரக்கிளையில் கட்டு என்றார். இதே நூல் பல்கேரியா, வட மாசிடோனியா, மால்டோவா மூன்றிலும் உண்டு. 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் நான்கு நாடுகளும் இதைச் சேர்ந்தே பதிவு செய்தன. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

மார்ச் 2

ரோமானியத்திலும் 'துஷ்மன்' என்றால் எதிரிதானே, அது இந்தியத் தொடர்பு இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எதிரிதான். ஆனால் சொல் பாரசீகம். ஒரு பக்கம் துருக்கியர் வழியாக ரோமானியாவுக்குப் போனது, மறுபக்கம் இந்திக்கு வந்தது. 'முசாஃபிர்' போன வழியும் அப்படித்தான், சொல் மட்டும் அரபு, அங்கே அதற்கு விருந்தாளி என்று பொருள். காதலுக்குச் சொல்லும் 'திரகோஸ்தே' ஸ்லாவியம். நகரத்துக்கு 'ஒராஷ்', அது ஹங்கேரியம். பாதைக்கு 'திரும்', அது கிரேக்கம். பட்டாணியைக் குறிக்கும் 'மாஸரே' அல்பானிய மொழியிலும் இருக்கிறது. தண்ணீர், ரொட்டி, வானம் எல்லாம் லத்தீன். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வம்சம் தேடினால் அந்த நாட்டில் ஒரு வீட்டுக்குள்ளேயே ஆறு திசைக்குப் போக வேண்டியிருக்கும்.

மார்ச் 9

ஒரு வாரமாக என் முதல் பதில் உறுத்துகிறது. பெயர் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 'இல்லை' என்று ஆரம்பித்த வேகத்தில் ரோமாக்களையே கதையிலிருந்து வெளியே தள்ளிவிட்டேன்.

2018 கோடையில் அலுவலக நண்பன் ஒருவனுடைய அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தேன். க்ளுஜுக்குக் கிழக்கே மேட்டுநிலக் கிராமம். வாத்தியம் மூன்றே பேர்: பிடில், கோன்த்ரா, டபுள் பாஸ். கோன்த்ரா என்பது வயோலாதான். ஆனால் மூன்றே தந்தி, தந்திகளைத் தாங்கும் 'குதிரை' என்ற மரத்துண்டைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். வில்லை ஒரு தடவை இழுத்தால் மூன்று தந்தியும் சேர்ந்து ஒலிக்கும். சின்ன வயதில் நாலு வருடம் வயலின் கற்றவன் நான், அந்தக் குதிரையைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை மறந்துவிட்டேன். பிடில்காரர் தந்தியையே பார்க்கவில்லை. ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து வாசித்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா அவர் காதருகே குனிந்து இரண்டு வரி முணுமுணுத்தார், அடுத்த நிமிடம் அந்தப் பாட்டு பிடிலில் இருந்தது.

மூவரும் ரோமாக்கள். இந்தத் தொழில்காரர்களுக்கு 'லவுத்தர்' என்று பெயர். அப்பன் வாசிக்க மகன் கேட்டுக் கற்றுக்கொள்கிற தொழில்.

நள்ளிரவுக்கு அப்புறம் ஓர் இளைஞன் கீபோர்டை எடுத்து வந்தான். மனெலே தொடங்கியது. துருக்கிய வாடை வீசும் ஆட்டப்பாட்டு அது. காதல், காசு, பகைவன் என்று பாடுவார்கள். என் நண்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது, ஜிப்ஸிக் கூச்சல் என்றான். அந்த இளைஞன் பிடில்காரரின் மகன். இரண்டு மணி நேரம் முன்னால் இதே நண்பன் அப்பாவின் பிடிலைக் காட்டி, இதுதான் எங்கள் ஆன்மா என்று எனக்குச் சொல்லியிருந்தான்.

இன்னொன்று. வீட்டுக்காரம்மாவின் கல்யாணப் படம் கீழே நடைக்கூடத்தில் மாட்டியிருக்கும். 1966-இல் எடுத்தது. மணமக்கள், தோழிகள், பாதிரியார், ஆட்டுத்தோல் மேற்சட்டை போட்ட கிழவர்கள். இடது ஓரத்தில் ஒரு தோளும், ஒரு வில்லும், பாதிப் பிடிலும். ஆள் சட்டத்துக்கு வெளியே. யார் அது என்று கேட்டேன். "எங்க ஜிப்ஸி" என்றார், பாசமாகத்தான். பெயர் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லை என்றார். தோழிகள் ஒன்பது பேருடைய பெயரும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

மார்ச் 16

'எங்க' என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. பின்னால் ஒன்றுசேர்ந்து ரோமானியா ஆன வலாக்கியா, மால்டாவியா என்ற இரண்டு சமஸ்தானங்களிலும் ரோமாக்கள் கிட்டத்தட்ட ஐந்நூறு ஆண்டுகள் அடிமைகள். அவர்களைப் பற்றி அங்கே கிடைக்கும் முதல் ஆவணமே 1385-இல் திஸ்மானா மடத்துக்கு நாற்பது குடும்பங்களை உடைமையாக உறுதி செய்யும் பட்டயம். அரசருக்குச் சொந்தமானவர்கள், மடத்துக்குச் சொந்தமானவர்கள், பிரபுவுக்குச் சொந்தமானவர்கள் என்று மூன்று வகை. ஆற்றில் தங்கம் அரிப்பவர், மரக்கரண்டி செதுக்குபவர், கரடி ஆட்டுபவர், கொல்லர், வாத்தியக்காரர் என்று தொழில்கள். பிரபு வீட்டு விருந்தில் பிடில் வாசித்தது கூலிக்கு வந்த கலைஞன் என்று நினைத்துவிடாதீர்கள்.

அரசியல்வாதி மிஹாயில் கொகல்னிச்சியானு 1891-இல் ஆற்றிய உரையில், தன் இளமையில் யாஷ் நகரத் தெருக்களில் கையிலும் காலிலும் சங்கிலி பூட்டிய மனிதர்களைப் பார்த்ததை நினைவுகூர்ந்தார். மால்டாவியாவில் 1855 டிசம்பரிலும் வலாக்கியாவில் 1856 பிப்ரவரியிலும் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்கள் சுமார் இரண்டரை லட்சம். நட்டஈடு உடைமைக்காரர்களுக்குக் கிடைத்தது. அப்புறம் 1942-இல் ரோமானியச் சர்வாதிகாரி அந்தொனெஸ்குவின் ஆட்சி சுமார் 25,000 ரோமாக்களைக் கிழக்கே நீஸ்டர் ஆற்றுக்கு அப்பால் இருந்த டிரான்ஸ்னிஸ்திரியாவுக்கு நாடு கடத்தியது. சுமார் 11,000 பேர் பசியிலும் குளிரிலும் நோயிலும் அங்கேயே செத்தார்கள்.

நான் 'ஜிப்ஸி' என்று எழுதும் இடத்தில் அங்கே சொல்வது 'ட்ஸிகான்'. அது கிரேக்க 'அதிங்கனோஸ்' என்பதிலிருந்து வந்தது என்பார்கள். பிறரைத் தொட மறுத்த ஒரு பழைய மதப் பிரிவுக்கு இருந்த பெயர், தொடாதவர் என்று பொருள். பிறகு இவர்கள் மேல் வந்து ஒட்டியது. சமஸ்தானங்களில் அந்தச் சொல்லுக்கே அடிமை என்று அர்த்தமாகிவிட்டது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்ச் 19

திருத்தம். கல்யாணம் நடந்தது டிரான்சில்வேனியாவில், அடிமைக் கதையோ வலாக்கியா, மால்டாவியாவில், இரண்டையும் எப்படி முடிச்சுப் போடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரியான கேள்வி. டிரான்சில்வேனியா அப்போது ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்தது. ரோமானியாவோடு சேர்ந்தது 1918-இல். அங்கே ரோமாக்களின் கதை வேறு. நான் அவசரத்தில் ஒரே நாடாக எழுதிவிட்டேன்.

தேதியிலும் ஒரு குறை. 1855, 1856 கடைசிப் படிகள். அரசருடைய அடிமைகள் வலாக்கியாவில் 1843-இலும் மால்டாவியாவில் 1844-இலும் விடுபட்டார்கள். மடத்து அடிமைகளுக்கு மால்டாவியாவில் 1844, வலாக்கியாவில் 1847. பிரபுக்கள்தான் கடைசிவரை விடவில்லை.

கார்ப்பாத்திய மலை இசையையும் இரண்டாகப் பிரித்துவைத்திருக்கிறது. மலைக்கு வெளியே தெற்கிலும் கிழக்கிலும் 'தம்பால்' என்று குச்சியால் தட்டும் பல தந்தி வாத்தியம், மீட்டி வாசிக்கும் குட்டைக் கழுத்துத் தந்தி வாத்தியமான 'கோப்சா', மூங்கில் குழல்களை வரிசையாகக் கட்டிய 'நை'. இஸ்தான்புல்லின் காற்று நன்றாக அடித்த பக்கம் அது. மலைக்கு உள்ளே நான் சொன்ன மூவர் குழு. உள்ளே ரோமானியர், ஹங்கேரியர், பன்னிரண்டாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஜெர்மானிய சாக்சன்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்து ஊர்களில். எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த மெட்டு என்பது பிடில்காரருக்குத் தெரியும்.

ஏப்ரல் 8

இன்று உலக ரோமா நாள். 1971-இல் லண்டன் அருகே நடந்த முதல் உலக ரோமா மாநாட்டின் நினைவு. அவர்கள் கொடியில் மேலே நீலம், கீழே பச்சை, நடுவே பதினாறு ஆரம் கொண்ட சிவப்புச் சக்கரம். அந்தச் சக்கரத்தில் இந்திய நினைவு இருக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு ஒரு நல்ல பதில் பாக்கி வைத்திருந்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்த ஒரு ரோமா பெரியவரிடம் உங்கள் மொழியில் எண்ணிக் காட்டுங்கள் என்று கேட்டேன். யேக், துய், திரின், ஷ்தார், பாஞ்ச், ஷோவ் என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அடுத்து எஃப்தா, ஓஹ்தோ, எஞ்ஞா. மூன்றும் கிரேக்கம்! பத்துக்குத் திரும்பவும் 'தேஷ்'. கிரேக்கம் பேசிய பைசாந்தியப் பேரரசில் தலைமுறைக் கணக்கில் தங்கிப் போனவர்கள் என்பதற்கு அந்த ஏழு, எட்டு, ஒன்பதே சாட்சி. தண்ணீர் 'பானி', மூக்கு 'நாக்'. அதிர்ஷ்டத்துக்கு 'பக்த்', அது பாரசீகம். பாதைக்கு 'துரோம்', ரோமானியத்தின் 'திரும்' போலவே கிரேக்கத்திலிருந்து வந்தது.

ஆக, மொழியில் இந்தியா இருக்கிறது. மெட்டில்? ரோமானிய, யூத, உக்ரைன் பாடல்களில் அடிக்கடி வரும் ஒரு ஸ்வர வரிசையை கர்நாடக சங்கீதம் தெரிந்த காது கேட்டால் துள்ளிவிடும். சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், பிரதி மத்தியமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். ஹேமவதி! நானும் முதல் முறை கேட்டபோது கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். ஆனால் ஸ்வரம் ஒத்துப்போவது வேறு, ராகம் வழி வந்தது என்பது வேறு. கமகம் இல்லை, சஞ்சாரம் இல்லை, அங்கே அது ஆட்டத்துக்கான மெட்டு. அதை இந்தியப் பரம்பரை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஏப்ரல் 21

'தூய நாட்டுப்புற இசை' என்ற தலைவலிக்கு ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக்கைப் பார்க்கலாம். 1881-இல் ஹங்கேரியில் பிறந்தார். அந்த ஊர் இன்று சன்னிகொலாவு மாரே, ரோமானியாவில் இருக்கிறது. 1909-இல் பிஹோர் பக்கம் மெழுகு உருளைப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்தார். மொத்தம் சுமார் 3,400 ரோமானிய மெட்டுகள் சேர்த்தார். அவற்றில் சிலவற்றை வைத்து 1915-இல் பியானோவுக்கு எழுதிய ஆறு சின்ன நடனங்களின் முதல் தலைப்பு 'ஹங்கேரியின் ரோமானிய நாட்டுப்புற நடனங்கள்'. போர் முடிந்தது, எல்லை நகர்ந்தது, தலைப்பிலிருந்து ஹங்கேரி உதிர்ந்துவிட்டது. மெட்டு ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. 1920-இல் புடாபெஸ்டில் அவரைத் தேசப்பற்று இல்லாதவர் என்று திட்டினார்கள். 1930-களில் ரோமானியப் பக்கத்திலிருந்தும் வசவு வந்தது.

எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. ஒரு வருத்தமும் உண்டு. நகரத்து ரோமா வாத்தியக்காரர்கள் மெட்டைக் கெடுக்கிறார்கள், விவசாயி வாயில் இருப்பதே சுத்தமானது என்று அவர் நினைத்தார். ஆனால் அந்த ஆறில் முதல் நடனத்தை அவர் கேட்டதே ரோமா பிடில்காரர்களிடம்.

மே 4

சாப்பாடு பற்றிக் கேட்டவருக்கு: 'மமலிகா' மக்காச்சோளக் களி. மேலே ஆட்டுப் பாலாடைக்கட்டியும் புளித்த பாலேடும். டாசியர் காலத்து உணவு என்று பெருமையாகச் சொல்வார்கள். மக்காச்சோளம் கொலம்பஸுக்கு அப்புறம் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அதற்கு முன் அந்தப் பானையில் வெந்தது சிறுதானியக் கூழ். எனக்கு இரண்டு வேளையும் பிடிக்கும்.

மே 11

இந்த முறை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். எல்லாமே ரோமாக்கள் வாசித்தது என்ற மாதிரி மேலே ஒரு தொனி வந்துவிட்டது. வீட்டுக்காரம்மாவிடம் போனில் பேசியபோது கோபித்துக்கொண்டார். ஆட்டுக்காரன் மலைமேல் தனியாக ஊதும் குழலுக்கு யார் வேண்டும், சாவு வீட்டில் நான் வைத்த ஒப்பாரிக்கு எந்தப் பிடில்காரன் வந்தான் என்றார். உண்மைதான். கிறிஸ்துமஸ் இரவில் வாலிபர்கள் வீடுவீடாகப் போய்ப் பாடும் 'கொலிந்தா', ஏக்கத்தை இழுத்து இழுத்துப் பாடும் 'தொய்னா' எல்லாம் குரலில் வாழ்பவை. மரமுரேஷின் 'ஹோரா லுங்கா' என்ற நெடும்பாட்டை பார்டோக் பதிவு செய்தார். அதே 1913-இல் அல்ஜீரியா போனபோது அரேபியப் பாட்டில் அதன் சாயலைக் கேட்டு அசந்துபோனார். பின்னால் பாரசீக, இராக்கியப் பாடல்களோடும் அதைச் சேர்த்துப் பார்த்தார்.

அந்த அம்மாவின் மரமுரேஷில் இன்னொரு கூட்டமும் இருந்தது. யூதர்கள். 1944-இல் அந்தப் பகுதி ஹங்கேரியின் கையில் இருந்தபோது, மே, ஜூன் மாதங்களுக்குள் அவர்களை ஆஷ்விட்ஸுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். திரும்பியவர்கள் கொஞ்சம். அவர்கள் கல்யாணத்துக்கு வாசித்த ரோமா பிடில்காரர்கள் சிலர் அந்த மெட்டுகளைத் தொண்ணூறுகள் வரை ஞாபகத்தில் வைத்திருந்தார்கள். ஹங்கேரியக் குழு ஒன்று தேடிப்போய்க் கேட்டு 1993-இல் இசைத்தட்டாக வெளியிட்டது. கேட்கச் சொல்ல யாருமில்லாத கல்யாணப் பாட்டை ஐம்பது வருடம் ஒரு மனிதன் விரலில் வைத்திருந்தான். மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 8

இன்று அங்கே 'ருஸாலி', பெந்தெகொஸ்தே ஞாயிறு. 2019-இல் இந்த நாளுக்காக ஓல்ட் மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் போனேன். 'களுஷ்' ஆட்டம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஆண்கள், கம்புக் கொடியில் பூண்டும் மாசிபத்திரியும் கட்டியிருந்தது, தலைவனிடம் சத்தியம் செய்துவிட்டு ஆடுகிறார்கள். முகமூடி போட்ட 'முத்', ஊமை, மரவாளோடு சுற்றி வந்து சேட்டை செய்கிறான். 'யெலே' என்ற மோகினிகள் பிடித்தவரை இந்த ஆட்டம் குணமாக்கும் என்பது நம்பிக்கை. தாய்மார் குழந்தைகளைத் தரையில் கிடத்தினார்கள், ஆட்டக்காரர்கள் தாண்டிப் போனார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவி கொடியில் கட்டிய பூண்டில் ஒரு பல் கேட்டு வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள்.

மால்டாவிய இளவரசர் கந்தெமிர் 1710-களில் இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். லத்தீன் பெருமை பேசியவர்கள் ரோமின் சாலியிப் பூசாரிகள் ஆட்டம் என்றார்கள். ருஸாலி என்ற பெயர் ரோஜாத் திருநாளான 'ரோஸாலியா'வோடு சேர்ந்தது என்பது உண்மை, மற்றது பெருமைக்காகச் சொன்னது. 2005-இல் யுனெஸ்கோ இதைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கிராமத்தில் ஆடியவர்கள் விவசாயிகள், பிடில் லவுத்தர். கூட்டம் ஆட்டக்காரர்களைத்தான் படம் எடுத்தது. நானும்தான். இப்போது என் போனில் தேடிப் பார்த்தேன், அந்தப் பிடில்காரரின் படம் ஒன்றுகூட இல்லை.

ஜூன் 24

இன்று அங்கே சான்சியேனே திருநாள். சில வருடங்களாக ரோமானியச் சட்டையான 'யியே'யின் நாளாகவும் கொண்டாடுகிறார்கள். பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸ் 1940-இல் வரைந்த ஓவியத்தில் இருக்கும் அதே சட்டை. தோளில் 'அல்தித்ஸா' என்ற அடர்ந்த பூவேலைப் பட்டை, அதன் கீழே கை நெடுக இறங்கும் கோடுகளுக்கு 'ஆறுகள்' என்று பெயர். நான் சந்தையில் ஒன்று வாங்கி வந்து கையால் தைத்தது என்று காட்டினேன். வீட்டுக்காரம்மா அதை உள்புறமாகத் திருப்பினார், ஒரு நொடி பார்த்தார், மெஷின் என்றார். அப்புறம் பெட்டியிலிருந்து தன் கல்யாணச் சட்டையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கமும் முன்பக்கம் போலவே இருந்தது. இரண்டு குளிர்காலம் தைத்தாராம்.

நேற்று அவரே என்னை அழைத்தார். போன தடவை சண்டையில் நான் மறுபடி பிடில்காரர் பெயரைக் கேட்டிருந்தேன். ஊரில் இருக்கும் தங்கையிடம் விசாரித்தாராம், தங்கைக்கும் தெரியவில்லை. தங்கை சர்ச்சுக்குப் போகும் வழியில் இன்னொரு கிழவியைக் கேட்க, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பெயரை எனக்கு எழுத்து எழுத்தாகச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். 1980-களில் இறந்துவிட்டார். பேரன் பக்கத்து ஊரில் கல்யாணங்களுக்குக் கீபோர்டு வாசிக்கிறான், பிடிலும் தெரியும். அவனிடம் தாத்தாவின் படம் எதுவும் இல்லையாம். வீட்டுக்காரம்மா நடைக்கூடத்துப் படத்தைக் கழற்றி, சட்டத்துக்குப் பின்னால் மடங்கிக் கிடந்த ஓரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். முகம் பாதி தெரிகிறது என்றார். ஸ்டூடியோவில் பிரதி எடுக்கக் கொடுத்திருக்கிறார், பேரனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பெயரை இங்கே போடவில்லை. அந்தப் பையனைக் கேட்காமல் போடக் கூடாது.